இரண்டே கால் சுற்று

வத்தளையில் நன்றாக ஓடிய வண்டி
இங்கே வந்து மூச்சு வாங்குகிறது.
கொழுந்து மடுவம் தாண்டி
இரண்டாம் முடக்கில்
முக்கி, முனகி, நின்றுவிடும்.
இறங்கித் தள்ளுவேன்
விடியாத நாலு மணிக்கு,
சலிப்பறைத் தூசி இன்னும் புருவத்தில்,
சிறுத்தை நடமாட்டம் என்று
யாரோ பெயின்டில் எழுதிய பலகையைப் பார்க்காமல்.

போனில் தவசீலன் சொன்னான்:
"பாஸ்கிட்ட குடு. நீ கை வைக்காத.
தீவாளிக்கு வந்து பாக்குறேன்."
தீபாவளிக்கு ஏழு கிழமை.
பாஸ் போன முறை
இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு
வண்டியைக் கழுவிக் கொடுத்தார்.
பளபளவென்று நின்றுபோனது.

ஞாயிறு. தகரத்தில் மழை.
வண்டியை இஸ்தோப்பில் ஏற்றி
நடு ஸ்டாண்டில் நிறுத்தினேன்.
பேப்பர் விரித்து வரிசையாக:
பத்தாம் நம்பர் சாவி,
இரவல் வாங்கிய பிளக் சாவி,
தட்டைத் தலை ஸ்க்ரூ டிரைவர்,
மயிர் தேய்ந்த பல் தூரிகை,
அரைப் போத்தல் பெற்றோல்.

முதலில் பிளக்.
கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால்
அடுப்புக் கரி. விரலில் அப்புகிறது.
பெற்றோல் பற்றவில்லை என்றே இருந்தேன்.
இல்லை,
குடித்துக் குடித்துத்தான் திணறுகிறது.

அடுத்து காற்றுப் பெட்டி.
மூடியைத் திறந்தேன்,
உள்ளே ஒரு தேயிலைத் தொழிற்சாலை.
ஸ்பொஞ்சின் ஓட்டைதோறும்
பழுப்புப் பஞ்சு, இலை மயிர், டஸ்ட்.
எட்டு மாதமாக
சலிப்பறை மின்விசிறிக்கு நேரே
நிறுத்தியது நான்தான்.
எட்டிப் பார்த்தாள் பக்கத்துக் காம்பரா குணவதி:
"இத வடிச்சா ரெண்டு பேருக்கு பிளேன்டி."
சவர்க்காரத்தில் கசக்கிப் பிழிந்தேன்.
நாலாம் தண்ணீர்தான் தெளிந்தது.

அடுப்படியில் காயவைத்து மாட்டி
முடக்கு வரை போனேன்.
அதே இடம். அதே முக்கல்.

தள்ளிக்கொண்டு வருகையில்
மன்சூர் நானா கடை வாசலில்
கயிற்றில் தொங்கும் கடலை பக்கெட்டுகள்.
கொழும்பில் ஒட்டியவை
இங்கே வயிறு ஊதி
வெடிக்கப் பார்க்கின்றன.
நனைந்தபடி நின்றேன்.
தினம் பார்ப்பதுதான்.
வெளியே காற்று குறைவு, அதனால் உள்ளே இருப்பது விம்முகிறது.
வண்டிக்கும் அதே காற்றுதானே?
கடலோரத்தில் யாரோ முடுக்கிய திருகாணி
இன்னும் கடல் கணக்கிலேயே
பெற்றோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

என்ஜினைச் சூடாக்கி
காபரேட்டர் பக்கவாட்டில் விரலால் தடவினேன்.
பித்தளை, ஒரு பருப்பளவு.
உள்ளே முடுக்கி எண்ணினேன்: ஒன்றரைச் சுற்று.
கடைசியில் கை கனக்கக் கூடாது,
முட்டினால் போதும்.
பிறகு வெளியே.
ஒன்றரை: பழைய முனகல்.
இரண்டு: குரல் உயர்ந்தது.
இரண்டரை: தும்மி அணைந்தது.
கால் சுற்றுத் திரும்பி வந்தேன்.
மழை விட்டிருந்ததோ
நான்தான் கேட்கவில்லையோ.

குணவதியைப் பின்னால் ஏற்றினேன்,
சீமெந்து மூட்டை கணக்கு.
"விழுந்தா நீ பொறுப்பு" என்றாள்
முடக்கு வரும்வரை.
முடக்கில் ஒன்றும் சொல்லவில்லை.
மேலே கோயிலடியில் நிறுத்தி
சூட்டோடு பிளக்கைக் கழற்றினேன்:
டீமேக்கர் கோப்பை மூடியில் தட்டிக் காட்டும்
அவிந்த இலையின் செம்பு நிறம்.
அதற்குமேல் எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

இரவு போனை சைலன்சர் அருகில் பிடித்தேன்.
தவசீலன் கொஞ்சம் பேசாமல் இருந்தான்.
"யாரு வண்டி?"
"நம்ம வண்டிதான்."
"இனி கொழும்புல அது ஒழுங்கா ஓடாதே."
"ஓடாது" என்றேன்.

கலண்டரில் பென்சிலால் எழுதினேன்:
உள்ளே முட்டி, வெளியே 2¼.
கை மூன்று முறை கழுவியும்
ரொட்டியில் பெற்றோல் வாசம்.
பேப்பரைச் சுருட்டும்போது
ஒரு திருகாணி உருண்டது.
எதனுடையது என்று தெரியவில்லை.
குனிந்து, டோர்ச் அடித்து,
சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.
எல்லா ஓட்டையும் நிறைந்துதான் இருந்தது.

சீனி டப்பா மூடியில் போட்டு வைத்திருக்கிறேன்.
நாளை நைட் ஷிப்ட்.